கணக்கில் வராத காற்று

கார் 2012 மாடல். 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ வைத்த டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் செடான். ஓடியது 1,12,000 கிலோமீட்டர். கோவை அவிநாசி ரோட்டில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இஞ்சின் லேசாக உதறத் தொடங்கியது. வண்டி கிளம்பிவிட்டால் உதறல் இருக்காது. கண்ணாடியை இறக்கினால், குக்கர் விசில் வருவதற்கு முன்னால் மெலிதாகக் கேட்குமே, அதுபோல ஒரு கீச்சுச் சத்தம் பானெட்டுக்குள்ளிருந்து வந்தது. மூன்றாம் நாள் செக் இஞ்சின் லைட் எரிந்தது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரில் இரண்டு எர்ரர் கோடு (கோளாறு எண்) வந்தன. பி0171, அதாவது கலவை லீன். பி2187, அதாவது ஐடிலிங்கில், வண்டி நின்று இஞ்சின் மட்டும் சும்மா ஓடும்போது, கலவை லீன். "ஆக்ஸிஜன் சென்சார் போயிருச்சுங்க சார்" என்று சொல்லி முன்பக்கச் சென்சாரை மாற்றினார்கள். எர்ரர் கோடை அழித்ததும் லைட் அணைந்தது. நாலாவது நாள் அதே இரண்டு கோடும் திரும்ப வந்தன. அடுத்து பெட்ரோல் பம்ப் மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லீன் என்றால் பெட்ரோல் குறைவு, அல்லது காற்று அதிகம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றை ஏர் ஃபில்டரை அடுத்துள்ள மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் எடைபோட்டுச் சொல்கிறது. அதற்கேற்ற பெட்ரோலை இ.சி.யு., அதாவது இஞ்சினின் கம்ப்யூட்டர், ஊற்றுகிறது. எரிந்து வெளியே வரும் புகையை முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் முகர்ந்து பார்த்து, சரியா தப்பா என்கிறது. தப்பென்றால் இ.சி.யு. பெட்ரோலைச் சில சதவீதம் கூட்டும், குறைக்கும். அந்தச் சதவீதத்தைத்தான் ஃப்யூயல் ட்ரிம் என்கிறோம். அந்தந்த நொடிக்குச் செய்யும் திருத்தம் ஷார்ட் டெர்ம், பழகிப்போய் மனப்பாடம் ஆனது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டினால் கிடைப்பதுதான் உண்மையான குறைபாடு. கூட்டல் குறியோடு பெரிய எண் தெரிந்தால் வண்டி லீனாகிக்கொண்டிருக்கிறது, இ.சி.யு. பெட்ரோலை ஊற்றி ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது ஓர் எல்லையைத் தாண்டியதும் லைட் எரியும்.

சிங்காநல்லூர்ப் பக்கம் முப்பது வருடமாக லேத்தும் கேரேஜுமாக இருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். பானெட்டைத் திறக்கவே இல்லை அவர். "சென்சார் லீன்னு சொல்லுதுன்னா, மொதல்ல அது நெசமாத்தான் சொல்லுதுன்னு நம்புங்க தம்பி. ஐடிலிங்ல எவ்வளவு, ஓடறப்ப எவ்வளவு, அமுக்கறப்ப எவ்வளவு, மூணையும் எழுதிட்டு வாங்க. அப்பறம் பேசலாமுங்க" என்றார். என் தேடல் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்கியது.

ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ப்ளூடூத் டாங்கிளைச் செருகி, போனில் எண்களை ஓடவிட்டு, நோட்டில் எழுதினேன். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏ.சி. அணைத்து, ஐடிலிங்கில் மொத்த ட்ரிம் +25. காற்று நொடிக்கு 2.1 கிராம். நின்ற இடத்திலேயே 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்தபோது ட்ரிம் +10. காற்று 8 கிராம். பிறகு மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் ஏற்றத்தில், நாலாவது கியரில், டர்போ அரை பார் அழுத்தம் ஏற்றிக்கொண்டிருந்தபோது ட்ரிம் −7. பக்கத்தில் உட்கார்ந்து இந்த எண்களைக் குறித்துக் கொடுத்தவர் என் மனைவி. ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்காதீர்கள். லாக் பதிவாகும் ஆப் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள்.

ஐடிலிங்கில் லீன், ஏற்றத்தில் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். டர்போ இல்லாத வண்டியாக இருந்தால் இந்த மைனஸ் என்னைக் குழப்பியிருக்கும். டர்போ வண்டியில் காற்று போகும் பாதையை மூன்று துண்டாகப் பிரித்துப் பார்த்தால் இது புரியும். ஏர்ஃப்ளோ சென்சாரிலிருந்து டர்போவின் வாய் வரை எப்போதும் உறிஞ்சல்தான். அங்கே ஓட்டை இருந்தால் எல்லா நேரமும் லீன். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக, ஆக்ஸிலேட்டருக்கேற்பத் திறக்கும் த்ராட்டில் வரையுள்ள துண்டில் ஐடிலிங்கின்போது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தமே இருக்கும். அதனால் அங்கே ஓட்டை இருந்தாலும் சிக்னலில் ஒன்றும் தெரியாது. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறியதும் எடைபோட்டு முடித்த காற்று வெளியே கக்கப்படும். இல்லாத காற்றுக்கும் இ.சி.யு. பெட்ரோல் ஊற்றும். அதனால் ரிச். மூன்றாவது துண்டு, த்ராட்டிலுக்குப் பிறகு சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டு. ஐடிலிங்கில் அங்கே கடும் வெற்றிடம். ஓட்டை இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகும், லீன் ஆகும். பூஸ்டில் அதே ஓட்டை வெளியே கக்கும்.

ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு. இப்போது வரும் சின்ன டர்போ வண்டிகள் பலவற்றில் அது கிடையாது, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தே காற்றைக் கணக்கிடுகின்றன. அவற்றில் மேனிஃபோல்டில் ஓட்டை விழுந்தால் உள்ளே அழுத்தம் கூடும், கூடியதற்கேற்பப் பெட்ரோலும் போகும். லீன் ஆவதைவிட ஐடிலிங் ஏறுவதுதான் அங்கே முதலில் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வாரக்கணக்கில் அலைய நேரும்.

பெட்ரோல் பம்ப் மாற்றச் சொன்னார்கள் இல்லையா, அதையும் எண்களிலேயே பார்த்துக்கொண்டேன். பம்ப் சோர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் பற்றாக்குறை வரும். ஏற்றத்தில் லீன் ஆகும், சிக்னலில் சமாளித்துவிடும். என் வண்டியில் நடந்தது தலைகீழ். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஹை பிரஷர் ரெயிலில் ஐடிலிங்கில் 50 பார் சுற்றி இருந்தது, அழுத்தும்போது இ.சி.யு. கேட்ட அழுத்தம் சரியாக ஏறியது. பம்ப் மேல் குற்றமில்லை. அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சாரும் பெரும்பாலும் காற்று அதிகம் போகும்போதுதான் குறைத்துக் காட்டும். ஆக்ஸிஜன் சென்சார் புதிது, ஆக்ஸிலேட்டரை விட்டதும் பெட்ரோல் நிற்கும் அந்த நொடியில் டக்கென்று வெறும் காற்றைக் காட்டியது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்கில் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுப் பொய்யான லீன் வரும் என்பதால், காலையில் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டேன். டிக்டிக் சத்தமோ கரித்தடமோ இல்லை.

ஆக, த்ராட்டிலுக்குப் பின்னால் ஓர் ஓட்டை. அது எவ்வளவு பெரிது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 96 கிலோபாஸ்கல். மேனிஃபோல்டில் அழுத்தம் இதில் ஏறக்குறையப் பாதிக்குக் கீழே போய்விட்டால், ஓட்டை வழியே புகும் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டு நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் கூடுதலாக வராது. ஐடிலிங்கிலும் சரி, சும்மா நிறுத்தி 2,500 பிடித்தாலும் சரி, மேனிஃபோல்டு 35 கிலோபாஸ்கல் சுற்றித்தான் இருந்தது. அப்படியானால் இரண்டு இடத்திலும் திருட்டுக் காற்று நொடிக்கு ஒரே அளவாகத்தான் இருக்க வேண்டும். போட்டுப் பார்த்தேன். 2.1 கிராமில் 25 சதவீதம் என்றால் 0.52. 8 கிராமில் 10 சதவீதம் என்றால் 0.8. ஒத்து வரவில்லை. அந்த வித்தியாசத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன்.

முதலில் கிள்ளிப் பார்த்தேன். பிரேக் பூஸ்டர் ஹோஸை மூக்குப் ப்ளையரின் வாயில் துணி சுற்றி அழுத்தினால் ட்ரிம் அசையவில்லை. பெட்ரோல் டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வின் ஹோஸைக் கிள்ளினால் ஒரு சதவீதம்கூட மாறவில்லை. கார்ப் கிளீனரை இங்கொன்றும் அங்கொன்றுமாக அடித்துப் பார்க்கும் பழக்கம் நம் கேரேஜ்களில் உண்டு. டர்போ வண்டியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். டர்பைன் உறை ஒரு சாண் தூரத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒரு துளி அதில் விழுந்தால் பானெட்டுக்குள் தீ.

அதனால் புகை. ஒரு லிட்டர் பெயின்ட் டப்பா, மூடியில் இரண்டு நிப்பிள், உள்ளே டீசல் வண்டியின் பழைய க்ளோ ப்ளக், அதன் நுனி நனையுமளவு பேபி ஆயில். 12 வோல்ட் கொடுத்தால் வெள்ளைப் புகை கிளம்பும். தள்ளுவதற்கு மீன்தொட்டிப் பம்ப். கம்ப்ரஸர் வைக்கக் கூடாது. சீல்கள் தாங்காது. பர்ஜ் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், க்ளோ ப்ளக் சூட்டுக்கும் பெட்ரோல் ஆவிக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அடுத்த ஹோஸைக் கழற்றி, பி.வி.சி. எண்ட் கேப்பில் நிப்பிள் பொருத்தி மூடி, புகையை உள்ளே விட்டேன்.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு முன் பம்பருக்குப் பின்னால், இன்டர்கூலரின் வலதுபக்க ஹோஸ் சேருமிடத்தில் நூல்போல ஒரு புகை. கையால் தொட்டால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் மண் ஒட்டிக் கறுத்திருந்தது. கிளிப் தன் பள்ளத்தில் உட்காராமல் ஒருபக்கம் ஏறி உட்கார்ந்திருந்தது. முன்பு யாரோ பம்பரைக் கழற்றியபோது நடந்திருக்க வேண்டும். கிளிப்பை எடுத்து, ஓ ரிங்கைத் துடைத்துச் சரியாக உட்கார வைத்தேன். ஏற்றத்தில் வந்த −7க்கு இதுதான் காரணம். ஐடிலிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது மேலே சொன்ன மூன்று துண்டுக் கணக்கிலேயே தெரியும். ஸ்டார்ட் செய்தேன், +25 அப்படியே இருந்தது. கீச்சுச் சத்தமும் போகவில்லை.

புகை விட்டும் ஓட்டை தெரியவில்லை என்றால் ஓட்டை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்பதை இங்கே கற்றுக்கொண்டேன். சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஆயில் மூடியத் தொறந்து ஒரு கிளவ்ஸ் மாட்டிப் பாருங்க" என்றார், அவ்வளவுதான். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினேன். வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. பலம் போட்டு எடுத்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது, இஞ்சின் அணையப் பார்த்தது. மருத்துவமனையில் போடும் மெல்லிய ரப்பர் கிளவ்ஸை வாயில் மாட்டினேன். நல்ல இஞ்சினில் அது லேசாகக் குழியும். இங்கே ஐந்து விரலும் உள்ளே போய், மணிக்கட்டுப் பகுதி டம்ளர்போல இறுகி நின்றது.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் புகை ஆயில் அறையில் சேரும். அதை இழுத்து மறுபடி எரிக்க, டேப்பெட் கவர் மேல் பி.சி.வி. யூனிட் ஒன்று இருக்கிறது. ஆயில் அறையில் இழுவை அளவோடு இருக்க, அதனுள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம் மூச்சுவிடுவதுபோல மேலும் கீழும் அசையும். டயஃப்ரத்தின் மேல்பக்கத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம் தெரிய வேண்டும் என்பதற்காக, யூனிட்டின் மூடியில் ஊசித்துளை மாதிரி ஒரு துளை விட்டிருப்பார்கள். டயஃப்ரம் கிழிந்தால் அந்தத் துளை வழியே வெளிக்காற்று நேராக மேனிஃபோல்டுக்குப் போகும். கட்டுப்படுத்த ஆளில்லாததால் ஆயில் அறையையும் முழு வெற்றிடம் பிடித்து இழுக்கும்.

நான் விட்ட புகை அங்கே வராததற்கும் காரணம் உண்டு. பூஸ்ட் ஏறும்போது அழுத்தம் ஆயில் அறைக்குள் பாய்ந்துவிடாதிருக்க, அந்த யூனிட்டில் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. இன்டேக் பக்கமிருந்து தள்ளிய புகையை அவை தடுத்துவிட்டன. அடுத்த ஞாயிறு அதே புகையை ஆயில் மூடி வழியாக விட்டேன். அரை நிமிடத்தில் பி.சி.வி. மூடியின் துளையிலிருந்து ஊதுபத்திபோல நேர்கோட்டில் புகை எழுந்தது. இஞ்சினை ஓடவிட்டு அந்தத் துளையை விரலால் பொத்தினேன். விசில் நின்றது. போனில் ஷார்ட் டெர்ம் சரசரவென மைனஸுக்கு இறங்கியது. விரலை எடுத்ததும் விசில் திரும்பியது. நாலைந்து முறை பொத்தியும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாகத் தேடியது விரல்நுனியில் இருந்தது.

டார்க்ஸ் தலை போல்ட்டுகளைக் கழற்றினால் யூனிட் கையோடு வந்துவிடும். மூடியைப் பிரித்தேன். டயஃப்ரம் ஒரு பழைய ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது, நடுவில் தட்டையாக, ஓரத்தில் அலைபோல ஒரு மடிப்பு. அந்த மடிப்பின் அடிவாரத்தில் அரைநிலா வடிவத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கிழிசல். எண்ணெயில் ஊறி ரப்பர் கெட்டியாகியிருந்தது. மடக்கினால் நல்ல ரப்பர்போல வளையாமல், காய்ந்த ஆரஞ்சுத் தோல்போல விரிசல்விட்டது. கிழிசலின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. வெகுநாளாகவே கிழிந்திருக்கிறது, உதறல் தெரிந்தது பின்னால்தான்.

டயஃப்ரத்தை மட்டும் தனியாக விற்கிறார்கள். நான் முழு யூனிட்டையே வாங்கினேன். அதே யூனிட்டுக்குள்தான் அந்த ஒருவழி வால்வுகளும் அதே வயதில் இருக்கின்றன. அவை விட்டுப்போனால் பூஸ்ட் ஆயில் அறைக்குள் இறங்கி சீல்களைப் பிதுக்கும். இப்போதே அதிக வெற்றிடத்தில் பின்பக்க க்ராங்க் சீல் உள்பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அது போனால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் யூனிட்டின் விலை பெரிதில்லை. கழற்றிய கையோடு கவரின் முகத்தைத் துடைத்து, புதுப் பேக்கிங்கோடு வைத்து, போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன டார்க்கில், அதாவது இறுக்க அளவில், குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினேன். பிளாஸ்டிக் உடம்பு, கைக்கு வந்த பலத்தைக் காட்டினால் வளைந்து மறுபடி காற்று வாங்கும்.

எர்ரர் கோடை அழித்து, பழகிய ட்ரிம்மையும் அழித்து, இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டி, மறுபடி குன்னூர் ஏற்றம். ஐடிலிங்கில் காற்று இப்போது 2.5 கிராம் காட்டியது. உதறல் இல்லை, சத்தம் இல்லை. ட்ரிம் ஐடிலிங்கில் +5. 2,500இல் +5. ஏற்றத்தில் அரை பார் பூஸ்டில் +4.

எல்லை தாண்டாத எண்தான், லைட் எரியாது. ஆனால் 2021இல் வேறொரு வேலைக்காக இதே வண்டியில் எடுத்த பழைய லாக் என்னிடம் இருந்தது. அதில் ஐடிலிங் +1. மிச்சமுள்ள நாலு சதவீதத்தைத் தேடி இன்னொரு ஞாயிறு முழுக்கப் புகை விட்டேன். இரண்டு வழியிலும் விட்டேன், எங்கேயும் ஒரு நூல் புகைகூட வரவில்லை.

அப்போதுதான் மூன்று எண்களையும் மறுபடி பார்த்தேன். ஐந்து, ஐந்து, நாலு. த்ராட்டிலுக்குப் பின்னால் காற்றுக் கசிவு இருந்தால் இப்படிச் சமமாக இருக்கவே முடியாது. ஐடிலிங்கில் பெரிதாகவும் ஓடும்போது சிறிதாகவும்தான் இருக்க வேண்டும். புகையும் எங்கும் வரவில்லை, எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் மாறியிருப்பது பெட்ரோலாக இருக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் இ20 விற்பனை தொடங்கியது, 2025க்குள் பெட்ரோல் பங்க்குகளில் பொதுவாகக் கிடைப்பதே 20 சதவீத எத்தனால் கலந்ததாகிவிட்டது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருக்கிறது, எரிய 9 பங்கு காற்றே போதும். அதனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு 14.1 பங்கு, 20 சதவீதத்துக்குச் சுமார் 13.5 பங்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் அதே காற்றுக்கு நாலரை சதவீதம் அதிகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். +1இலிருந்து +5. கோளாறு எதுவும் மிச்சமில்லை.

நோட்டில் கேள்விக்குறி போட்ட பக்கத்துக்குத் திரும்பினேன். ஐடிலிங்கின் 25இலிருந்து பெட்ரோலுக்கான 5ஐக் கழித்தால் 20. 2.1 கிராமில் 20 சதவீதம் 0.42. 2,500இன் 10இலிருந்து 5 போனால் 5. எட்டு கிராமில் அது 0.4. இரண்டும் ஒன்றுதான். யூனிட் மாற்றிய பிறகு ஐடிலிங் காற்று 2.1இலிருந்து 2.5க்கு ஏறியதும் அதே 0.4தான். அவ்வளவு காற்று அந்த வேகத்தில் போக இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போதும். பி.சி.வி. மூடியின் துளையில் ட்ரில் பிட்டின் பின்பக்கத்தை விட்டு அளந்தேன். ஒன்றரை நுழைந்தது, இரண்டு நுழையவில்லை.

பழைய டயஃப்ரத்தை ஒரு கவரில் போட்டு அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கிழிசலைப் பார்த்தவர், அடுத்து இப்படி ஒரு வண்டி வந்தால் காட்டுவதற்கு ஆகும் என்று லேத்துக்கு மேலே ஆணியில் மாட்டிவைத்தார்.